முதிய பெற்றோர்க்கு மருத்துவக் காப்பீடு

(தஞ்சைப் பகுதி உழவர் குடும்பத்தினர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



காவிரிப் பாசனப் பகுதியில் வாழும் நமக்குக் காப்பீடு என்ற சொல் புதியதன்று. மேட்டூர் அணை 1934-ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்ட பின், ஜூன் 12 என்ற தேதியை எதிர்நோக்கியே நம் வேளாண்மை நடந்து வருகிறது. அத்தேதியில் அணை திறந்த ஆண்டுகளும் உண்டு. நீரின்றித் தள்ளிப்போன ஆண்டுகளும் உண்டு. தண்ணீர் வந்த பின்னரும், ஐப்பசி கார்த்திகை அடைமழையில் சம்பாப் பயிர் மூழ்கிய ஆண்டுகளும் உண்டு. ஆதலின், 2016-ஆம் ஆண்டு பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டம் வந்தது முதல், காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதத்தை நம் பங்காகச் செலுத்திச் சம்பா நெல்லைக் காப்பீடு செய்யப் பழகியிருக்கிறோம். கிராம நிர்வாக அலுவலரிடம் அடங்கல் பெற்று, கூட்டுறவுச் சங்கத்திலோ பொதுச் சேவை மையத்திலோ பதிவு செய்துவிட்டுத்தான் மறுவேலை பார்க்கிறோம்.

வயலுக்கு இவ்வளவு செய்கின்ற நாம், அந்த வயலைத் திருத்தி நம் கையில் கொடுத்த தாய் தந்தையரின் உடல்நலத்துக்கு என்ன செய்து வைத்திருக்கிறோம்? இக்கேள்வியை ஒவ்வொரு வீட்டிலும் கேட்க வேண்டிய காலம் வந்துவிட்டது. முதுமையில் வரும் நோய்கள் நாள் பார்த்து வருவதில்லை. மாரடைப்பும், பக்கவாதமும், வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிவதும் ஒரே இரவில் வீட்டின் கணக்கை மாற்றிவிடுகின்றன. அவ்வேளையில் கையில் பணமில்லாத குடும்பம் முதலில் நகையை அடகு வைக்கிறது. பிறகு நிலத்தை ஈடு வைக்கிறது. பெற்றோர் ஒரு வாழ்நாள் உழைத்துச் சேர்த்த காணி, அவர்களுடைய ஒரு வாரச் சிகிச்சைக்காகக் கைமாறுவதை நம் ஊர்களில் காண்கிறோம். அதனினும் கொடியது, அச்செலவுக்கு அஞ்சியே முதியவர்கள் தம் நோயை வெளியில் சொல்லாமல் இருந்துவிடுவதாகும்.

முதலில் உரிமையாக உள்ளது

தனியார் காப்பீட்டைப் பற்றி எண்ணுமுன், அரசின் திட்டத்தில் நமக்கு இடமுண்டா என்று பார்த்துக்கொள்ளுதல் முறையாகும். தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டு கலைஞர் காப்பீட்டுத் திட்டம் தொடங்கப்பட்டது. 2012 ஜனவரியில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் நடைமுறைக்கு வந்தது. தொடக்கத்தில் ஆண்டு வருமானம் ரூ. 72,000-க்கு உட்பட்ட குடும்பங்களுக்கு என்றிருந்த வரம்பு, பின்னர் ரூ. 1,20,000 ஆக உயர்த்தப்பட்டது. இத்திட்டம், 2018-இல் ஒன்றிய அரசு தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு இணைக்கப்பட்டு, குடும்பம் ஒன்றுக்கு ஆண்டுக்கு ரூ. 5 லட்சம் வரை காப்பளிக்கிறது. அரசு மருத்துவமனைகளிலும், திட்டத்தில் சேர்ந்துள்ள தனியார் மருத்துவமனைகளிலும் வகுக்கப்பட்ட சிகிச்சைகளைப் பெறலாம்.

இதற்கு நாம் பிரீமியம் செலுத்த வேண்டியதில்லை. குடும்ப அட்டையும், வருமானச் சான்றும், ஆதாரும் கொண்டு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டுப் பதிவு மையத்துக்குச் சென்றால் போதும். பெற்றோரின் பெயர் குடும்ப அட்டையில் இருக்கிறதா என்பதை மட்டும் முன்னதாகவே பார்த்துக்கொள்ள வேண்டும். 70 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு, வருமானம் எதுவாயினும் ரூ. 5 லட்சம் காப்பு என்று ஒன்றிய அரசு 2024 அக்டோபர் 29 அன்று விரிவாக்கியது. அதனையும் அம்மையத்திலேயே விசாரித்துக்கொள்ளலாம்.

அன்றியும், காப்பீடே இல்லாதவர்க்கும் கதவடைக்காத அரசு மருத்துவமனைகள் நம்மிடையே இருக்கின்றன. தஞ்சை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. ராசா மிராசுதார் மருத்துவமனை இருக்கிறது. திருவாரூரில் 2010-ஆம் ஆண்டும், நாகையில் 2022-ஆம் ஆண்டும் அரசு மருத்துவக் கல்லூரிகள் வந்துள்ளன. இவற்றை நாம் குறைவாக மதிக்கலாகாது. ஆயினும், வருமான வரம்புக்கு மேற்பட்ட குடும்பங்களும், தனியார் மருத்துவமனையில் வைத்தியம் செய்ய விரும்புவோரும், பிள்ளைகள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ வளைகுடா நாட்டிலோ பணிபுரிய ஊரில் தனித்திருக்கும் பெற்றோரும் தனியார் காப்பீட்டை நாடுகின்றனர். அவர்கள் பொருட்டே இனிக் கூறுவன.

உள்ளதை உள்ளபடி கூறுதல்

இந்தியாவில் மெடிகிளெய்ம் எனும் மருத்துவக் காப்பீடு 1986-ஆம் ஆண்டு அரசுடைமைக் கம்பெனிகளால் தொடங்கப்பெற்றது. 1999-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின்னர் தனியார் கம்பெனிகளும் இத்துறைக்கு வந்தன. இன்று பாலிசிகள் பலவாகப் பெருகிவிட்டன. விளம்பரங்களைக் கண்டு மயங்காமல் தேர்ந்தெடுக்க வேண்டுமாயின், பயிர்க் காப்பீட்டுக்கும் மருத்துவக் காப்பீட்டுக்கும் உள்ள வேற்றுமையை முதலில் உணர வேண்டும்.

பயிர்க் காப்பீட்டில் வருவாய்க் கிராமமே அலகு. கிராமத்தில் பயிர் அறுவடைப் பரிசோதனை நடத்தி விளைச்சலைக் கணக்கிடுகிறார்கள். நம் வயலில் போன ஆண்டு பூச்சி விழுந்ததா என்று எவரும் நம்மைக் கேட்பதில்லை. மருத்துவக் காப்பீட்டிலோ அலகு அந்த ஒரு மனிதரே. அவருக்குச் சர்க்கரை நோய் உண்டா, இரத்தக் கொதிப்பு உண்டா, முன்பு அறுவைச் சிகிச்சை நடந்ததா, நாள்தோறும் என்ன மாத்திரை உட்கொள்கிறார் என்று விண்ணப்பப் படிவம் கேட்கிறது. அதற்கு நாம் தரும் விடையின் மீதே ஒப்பந்தம் முழுவதும் நிற்கிறது.

இங்கேதான் பலர் இடறுகின்றனர். உண்மையைச் சொன்னால் பிரீமியம் கூடும், அல்லது விண்ணப்பம் தள்ளப்படும் என்று அஞ்சி நோயை மறைக்கின்றனர். சில வேளைகளில் படிவத்தை முகவரே எடுத்துக்கொண்டு, எல்லாக் கேள்விகளுக்கும் ‘இல்லை’ என்று குறித்துவிட்டுக் கையொப்பம் மட்டும் கேட்கிறார். பெற்றோரைக் கேளாமலே வெளியூரிலிருந்து பிள்ளைகள் கைப்பேசியில் நிரப்பிவிடுவதும் உண்டு. அன்று சேமித்த பிரீமியம் சில ஆயிரம். பின்னால் இழப்பதோ லட்சக்கணக்கில். ஏனெனில், மருத்துவமனையில் சேர்ந்தவுடன் மருத்துவர் கேட்கும் முதற்கேள்வி, ‘எத்தனை ஆண்டுகளாகச் சர்க்கரை இருக்கிறது?’ என்பதே. நோயாளி கூறும் விடை நோயாளிக் குறிப்பில் எழுதப்படுகிறது. அக்குறிப்பும் விண்ணப்பமும் முரண்பட்டால் கம்பெனி தொகையை மறுக்கலாம். பாலிசியையே நீக்கவும் செய்யலாம். இடைவிடாது 60 மாதங்கள் பாலிசி நடந்த பிறகுதான், மோசடி என்று மெய்ப்பித்தாலன்றி இக்காரணம் கூறி மறுக்க இயலாது என்ற விதி பொருந்தும். முன்பு இக்காலம் எட்டாண்டாக இருந்தது. 2024-ஆம் ஆண்டு ஐந்தாண்டாகக் குறைக்கப்பட்டது.

ஆதலால், படிவத்தைப் பெற்றோரின் அருகில் அமர்ந்து நிரப்புங்கள் என்பதே நாம் இன்று வற்புறுத்த விரும்பும் முதற்செய்தி. இது எளிய வேலையன்று. ‘எனக்கென்ன, நன்றாகத்தானே இருக்கிறேன்’ என்பார் தந்தை. தாயோ, தம் வலியைப் பிள்ளைகள் அறியலாகாது என்று மறைப்பார். அவர்களுடைய மாத்திரைப் பையை எடுத்துப் பாருங்கள். 2021 ஆகஸ்ட் முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் வழியாகச் சர்க்கரைக்கும் இரத்தக் கொதிப்புக்கும் மருந்துகள் வீடு தேடி வருகின்றன. அந்த மருந்துகளும், பழைய மருந்துச் சீட்டுகளும் உண்மையைக் கூறிவிடும். எல்லாவற்றையும் தேதியோடு எழுதி, படிவத்தின் படி ஒன்றை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். காப்பீடு கிடைப்பினும் கிடையாவிடினும், பெற்றோரின் நோய் என்னவென்று பிள்ளைகள் அறிந்துகொண்ட நன்மையாவது அன்றைக்கே கைகூடும்.

காத்திருப்புக் காலம்

உண்மையைக் கூறிப் பெற்ற பாலிசியும் முதல் நாளே எல்லாவற்றுக்கும் பயன்படாது. முதல் 30 நாட்களில் விபத்தைத் தவிர வேறெதற்கும் பொதுவாகக் காப்பு இல்லை. கண்புரை, குடலிறக்கம், மூட்டு மாற்று போன்ற சில சிகிச்சைகளுக்குத் தனிக் காத்திருப்புக் காலம் உண்டு. பாலிசி எடுக்குமுன்பே இருந்த நோய்க்குக் காத்திருப்புக் காலம் உச்ச அளவாக 36 மாதங்கள் இருக்கலாம்; 2024-க்கு முன் இது 48 மாதங்கள் வரை இருந்தது. கம்பெனிக்குக் கம்பெனி, பாலிசிக்குப் பாலிசி இது மாறும். கூடுதல் பிரீமியம் பெற்றுக்கொண்டு இக்காலத்தைக் குறைப்பனவும் உண்டு.

இதன் பொருள் என்ன? 60 வயதில் பாலிசி எடுத்தவருக்குச் சர்க்கரை நோயின் விளைவுகளுக்கான காப்பு 63 வயதிலேனும் வந்துவிடுகிறது. 68 வயதில் எடுத்தவர் 71 வரை காத்திருக்க நேரும். நாற்றங்காலைத் தாமதித்து விட்டவன் அறுவடையை முன்கூட்டிப் பெற இயலாதன்றோ? 65 வயது வரை உள்ளவர்க்குப் பாலிசி வகுத்தாற் போதும் என்றிருந்த விதி 2024 ஏப்ரல் முதல் மாறி, எல்லா வயதினர்க்கும் பாலிசிகள் வகுக்க வேண்டும் என்றாயிற்று. ஆயினும், ஒவ்வொருவர் விண்ணப்பத்தையும் கம்பெனி ஏற்றே தீர வேண்டும் என்பது அதற்குப் பொருளன்று. உடல் ஓரளவு நன்றாக இருக்கும்போதே எடுப்பதுதான் அறிவுடைமை.

அச்சில் பார்க்க வேண்டிய இடங்கள்

பாலிசியில் எத்தனை லட்சம் என்று பெரிய எழுத்தில் உள்ளதை அனைவரும் பார்க்கிறோம். சிறிய எழுத்தில் உள்ள மூன்றையே நாம் கருத்தூன்றிப் பார்க்க வேண்டும்.

முதலாவது, அறை வாடகை வரம்பு. இரண்டாவது, கோ-பேமெண்ட் என்று குறிக்கப்பெறும் நம் பங்கு. முதியோர் பாலிசிகள் பலவற்றில் செலவின் ஒரு பகுதியை நாமே ஏற்க வேண்டும் என்றிருக்கும். மூன்றாவது, கண்புரை முதலிய தனிச் சிகிச்சைகளுக்கு உள்ள உச்ச வரம்பு. எடுத்துக்காட்டாக, 2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த ஆரோக்கிய சஞ்சீவனி எனும் பொதுப் பாலிசியில், நம் பங்கு 5 சதவீதம் என்றும், அறை வாடகை நாளொன்றுக்குக் காப்பீட்டுத் தொகையில் 2 சதவீதம், ஆனால் ரூ. 5,000-க்கு மேற்படாமல் என்றும், கண்புரைக்கு ஒரு கண்ணுக்கு ரூ. 40,000 அல்லது காப்பீட்டுத் தொகையில் 25 சதவீதம், இவற்றுள் எது குறைவோ அது என்றும் வகுக்கப்பட்டது.

இவை எவ்வாறு வேலை செய்கின்றன என்பதை ஒரு கணக்கால் விளக்குவோம். அறை வரம்பு ரூ. 5,000, நம் பங்கு 20 சதவீதம் என்றுள்ள பாலிசி ஒன்று என்று கொள்வோம். நோயாளியை நாள் ரூ. 10,000 வாடகையுள்ள அறையில் நான்கு நாட்கள் வைத்தோம். அறைக்கு ரூ. 40,000, மருத்துவர், அறுவைக்கூடம் முதலியவற்றுக்கு ரூ. 1,00,000, மருந்து, பரிசோதனை, உடலில் பொருத்தும் கருவி ஆகியவற்றுக்கு ரூ. 60,000, ஆக ரூ. 2,00,000. வரம்பைப் போல் இரு மடங்கு வாடகையுள்ள அறையை எடுத்ததால், அறைச் செலவிலும் மருத்துவர், அறுவைக்கூடச் செலவிலும் பாதியே ஏற்கப்படும். மருந்தும் பரிசோதனையும் கருவியும் இவ்வெட்டுக்கு உட்படுவதில்லை. ஆகவே ஏற்கப்படும் தொகை 20,000, 50,000, 60,000 சேர்ந்து ரூ. 1,30,000. இதில் நம் பங்கு ரூ. 26,000 போகக் கம்பெனி தருவது ரூ. 1,04,000. மிச்சம் ரூ. 96,000 நம் தலையில் விழுகிறது. ரூ. 5,000 அறையிலேயே வைத்து மற்றச் செலவுகள் மாறாதிருந்தால், மொத்தம் ரூ. 1,80,000, கம்பெனி தருவது ரூ. 1,44,000, நாம் தருவது ரூ. 36,000 மட்டுமே. அறையைத் தேர்ந்தெடுத்த ஒரு செயலே ரூ. 60,000 வேற்றுமையை உண்டாக்கிவிட்டதைக் காண்க.

பாலிசி கையில் கிடைத்ததும் பெட்டியில் பூட்டிவிடாமல் படித்துப் பார்க்க வேண்டும். பிடிக்கவில்லையேல் கிடைத்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள் திருப்பிக் கொடுத்து, உரிய கழிவு போகப் பணத்தை மீட்கலாம்.

எந்த மருத்துவமனை, எந்த மாதம்

பிள்ளை சென்னையில் இருந்துகொண்டு பாலிசி எடுக்கையில், சென்னை மருத்துவமனைகளின் நீண்ட பட்டியலைக் கண்டு மகிழ்ந்துவிடுகிறார். பெற்றோர் இருப்பதோ வேதாரண்யத்திலோ பேராவூரணியிலோ வலங்கைமானிலோ. நள்ளிரவில் 108 வண்டி அவர்களை எங்குக் கொண்டு செல்லும்? தஞ்சை, கும்பகோணம், திருச்சி ஆகிய ஊர்களில் நமக்கு எட்டக்கூடிய எந்தெந்த மருத்துவமனைகள் அக்கம்பெனியின் பட்டியலில் உள்ளன என்பதையே பார்க்க வேண்டும். பட்டியலில் உள்ள மருத்துவமனையில் கையிலிருந்து முழுப் பணமும் கட்டாமலே சிகிச்சை பெறலாம். அவ்வாறு கேட்டால் ஒரு மணி நேரத்துக்குள் முடிவும், வீடு திரும்பும்போது மூன்று மணி நேரத்துக்குள் இறுதி ஒப்புதலும் கம்பெனி தர வேண்டும் என்று 2024 மே மாதம் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் விதித்துள்ளது.

பெற்றோரையும் பேரப்பிள்ளைகளையும் ஒரே குடும்பப் பாலிசியில் அடக்குவது பெரும்பாலும் சிக்கனமாகாது. அத்தகைய பாலிசியில் வீட்டில் மூத்தவரின் வயதைக் கொண்டே பிரீமியம் கணக்கிடப்படும். ஒருவரின் நோய்க்குத் தொகை தீர்ந்தால் மற்றவர்க்கு மிஞ்சாது. பெற்றோர்க்குத் தனிப் பாலிசி எடுப்பதே நன்று. பிள்ளை வேலை செய்யும் கம்பெனியின் கூட்டுக் காப்பீட்டில் பெற்றோரைச் சேர்க்க இடமிருந்தால் அதனையும் விடவேண்டாம். ஆனால், வேலை போனால் அக்காப்பும் போய்விடும் என்பதை மறந்துவிடலாகாது.

பிரீமியம் ஆண்டுதோறும் கட்ட வேண்டியது. நம் கையில் பணம் புழங்குவது தை, மாசி மாதங்களில் சம்பா அறுவடையாகி, நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் நெல்லைப் போட்ட பிறகுதான். புதிதாகப் பாலிசி எடுப்போர் புதுப்பிக்கும் தேதி அம்மாதங்களில் வருமாறு அமைத்துக்கொண்டால், ஆடி மாதத்து வறட்சியில் கடன் வாங்கிக் கட்ட வேண்டிய நிலை நேராது. ஒருமுறை தவறி பாலிசி முறிந்தால், கடந்து வந்த காத்திருப்புக் காலமும் வீணாகும். ஆண்டுப் பிரீமியத்துக்கு 30 நாள் சலுகை உண்டெனினும், அதனை நம்பியிருத்தல் தகாது. கம்பெனி பிடிக்கவில்லையாயின், பாலிசியை முறிக்காமல், புதுப்பிக்கும் தேதிக்கு 45 நாட்களுக்கு முன்பே விண்ணப்பித்து வேறு கம்பெனிக்கு மாற்றிக்கொள்ளலாம். காத்த காலம் கணக்கில் வரும்.

வயது ஏற ஏறப் பிரீமியமும் ஏறும். ஆயினும், மூத்த குடிமக்களின் பிரீமியத்தை ஓராண்டில் 10 சதவீதத்துக்கு மேல் உயர்த்துமுன் ஆணையத்தைக் கலந்துகொள்ள வேண்டும் என்று 2025 ஜனவரியில் உத்தரவிடப்பட்டது. தனிநபர் மருத்துவப் பாலிசிகளின் மீதிருந்த 18 சதவீத சரக்கு-சேவை வரியும் 2025 செப்டம்பர் 22 முதல் நீக்கப்பட்டது. இச்சுமையை மூத்த மகன் ஒருவரே தாங்க வேண்டும் என்பதில்லை. அண்ணன் தம்பியரும் சகோதரிகளும் கூடிப் பங்கிட்டுக்கொள்வது நியாயமாகும். ஆனால் கட்டும் பொறுப்பு யாருடையது என்பதை மட்டும் ஒருவர் பெயரில் முடிவு செய்துவிடுங்கள். எல்லோர் பொறுப்பும் என்று விட்டது யாருடைய பொறுப்பும் ஆவதில்லை.

மறுத்தால் என் செய்வது?

உண்மையைக் கூறியிருந்தும் தொகை மறுக்கப்பட்டால் மனம் தளர வேண்டாம். மறுப்பை எழுத்தில் காரணத்தோடு கேட்டுப் பெறுங்கள். கம்பெனியின் குறைதீர்ப்பு அலுவலருக்கு முதலில் எழுதுங்கள். ஒரு மாதத்தில் விடை வாராவிடினும், வந்த விடை நிறைவளிக்காவிடினும், சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம். ரூ. 50 லட்சம் வரையுள்ள வழக்குகளை அவர் விசாரிப்பார். கட்டணமும் இல்லை, வழக்கறிஞரும் வேண்டியதில்லை. நீங்கள் வீட்டில் வைத்துக்கொண்ட அந்தப் படிவத்தின் படிதான் அப்போது உங்களுக்கு முதற்சாட்சி.

காப்பீட்டால் ஆகாதவையும் உண்டு. மருத்துவமனையில் சேராமல் நாள்தோறும் உட்கொள்ளும் மாத்திரைக்கும், வீட்டில் வைத்துப் பார்க்கும் ஆள் கூலிக்கும் பெரும்பாலான பாலிசிகள் பணம் தருவதில்லை. அவற்றுக்கும், நம் பங்குக்கும், காத்திருப்புக் காலத்துக்குமாகச் சிறிது தொகையை அஞ்சலகத்திலோ கூட்டுறவு வங்கியிலோ தனியே சேர்த்து வைத்தல் வேண்டும். நோய் முற்றியதால் எந்தக் கம்பெனியும் ஏற்காத பெற்றோர்க்கு, அரசு மருத்துவமனையும் இச்சேமிப்புமே துணையாகும்.

கிராம சபைகளும், மகளிர் சுய உதவிக் குழுக்களும், தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களும் இதில் ஒரு நற்பணி செய்யலாம். படித்த இளைஞர் இருவர் மூவர் கூடி, வாரத்தில் ஒரு மாலை முதியோரின் அரசுக் காப்பீட்டுப் பதிவையும், பாலிசிப் படிவங்களையும் தமிழில் விளக்கிப் படித்துக்காட்டினால், ஒவ்வோர் ஊரிலும் பல குடும்பங்களின் நிலம் அவர்களிடமே நிற்கும்.

அன்பர்களே! பெற்றோரைப் பேணுதல் நம் மரபு என்று பெருமையாகக் கூறுகிறோம். அப்பெருமை, அவர்கள் படுக்கையில் விழுந்த பின்னர் ஓடி ஓடிக் கடன் வாங்குவதில் மட்டும் இல்லை. அவர்கள் திண்ணையில் அமர்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருக்கும் இந்நாளிலேயே அருகில் சென்று அமர்ந்து, ‘அப்பா, உங்களுக்கு என்ன செய்கிறது? அம்மா, எந்த மாத்திரை சாப்பிடுகிறீர்கள்?’ என்று கேட்பதிலும் இருக்கிறது. அக்கேள்விக்கு அவர்கள் உண்மையான விடை கூறும்படி, நாம் அன்போடும் பொறுமையோடும் கேட்க வேண்டும். மற்றவை எல்லாம் அதன் பிறகு எளிதில் நடக்கும். இந்த வாரத்திலேயே அதனைச் செய்யுங்கள்.